அறுபதடித் தண்ணீரில் என் பங்கு

1

என் பெயர் ஆறுச்சாமி. ஊர் பெரியநாயக்கன்பாளையம். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. என் தகப்பனார் அடுத்தவர் தோட்டங்களில் கிணறு வெட்டப் போன கூலிக்காரர். அந்த வீட்டிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுத் துறைமுகமான மொம்பாசாவுக்கு வந்து நான் கட்டி வைத்திருப்பது என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனி ஒன்று. அதற்கு இரண்டு மிஷின் வண்டிகள். முதல் வண்டி, பழைய இரும்புக் கடையில் கிடந்த லாரியையும் துருப்பிடித்த கம்ப்ரசரையும் சேர்த்து நானே வெல்டிங் வைத்து உருவாக்கியது. ஓடாது என்றார்கள். இன்றைக்கும் ஓடுகிறது. பவளக்கல்லில் கட்டிய மாடி வீடு ஒன்று. சொந்தப் பட்டறை ஒன்று. மழையே பார்க்காத உள்நாட்டுப் பண்ணைகளில் தண்ணீர். கடலோரத்தில் தெற்கே எல்லையிலிருந்து வடக்கே மலிந்தி வரைக்கும் பம்புகள். இங்கிலாந்துக்கு அனுப்பி இன்ஜினியர் ஆக்கிய ஒரு மகன். நம் பக்கத்திலிருந்து கூட்டி வந்து பிழைப்பு ஏற்படுத்திக் கொடுத்த பிட்டர்கள், விரல் விட்டு எண்ணினால் இரண்டு கை போதாது.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இங்கே வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் படிப்பு என்ன என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் 'தேர்டு கிளாஸ்' என்பேன். ஒருமுறை புதிதாக வந்த அதிகாரி, "பரவாயில்லை, எந்தப் பாடத்தில்?" என்றார். "தண்ணீரில்" என்றேன். எழுதிக்கொண்டார்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஏதாவது எழுத வேண்டும் என்று இந்தப் பத்திரிகையை ஊரில் நடத்துகிற தம்பி மூன்று முறை பேக்ஸ் அனுப்பிவிட்டார். இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பொங்கலுக்கு என் வீட்டுக்காரி ஊருக்கு வருகிறாள். அவள் வந்து சொல்லப்போகும் கதை அச்சில் ஏறுவதற்கு முன்னால் என் கதை ஏறிவிட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

2

வீட்டுக்காரி பெயர் மயிலாத்தாள். சென்னிமலைப் பக்கம், தறி ஓடுகிற வீட்டுப் பெண். நான் இங்கே வந்து காலூன்றிய பிறகு பம்பாய் போய்க் கப்பலில் கூட்டி வந்தேன். வந்தது முதல் அவளுக்கு இரண்டு இடம்தான் தெரியும், ஒன்று சமையற்கட்டு, இன்னொன்று பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூம். சில வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வந்து, உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் சாப்பிடுகிறாள். அந்தச் சாப்பாட்டைப் பார்த்தால் எனக்கு வியாதி வந்துவிடும்.

மருமகள், அதாவது மகன் நடராசனின் சம்சாரம், பேத்தி திவ்யாவை எங்களிடம் விட்டுவிட்டு இரண்டாவது பிரசவத்துக்குக் கோபிசெட்டிபாளையத்தில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கார்த்திகை மாசம் ஒரு நாள் மயிலாத்தாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, பொங்கலுக்கு நானும் ஊருக்குப் போறேனுங்க."

"போயிட்டு வா. மருமக கூட இருந்த மாதிரி இருக்கும்."

"வாரதுக்குச் சொல்லலீங்க. போறதுக்குத்தான் சொன்னேன்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். சண்டை போடுகிறவளாக இருந்தால் சமாளித்துவிடலாம். இவள் நிதானமாக ரசத்தை ஊற்றிவிட்டுப் பேசுகிறவள்.

"இங்க என்ன புள்ள உனக்குக் கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்லைங்க. எனக்குன்னு ஒண்ணும் இல்லை, அவ்வளவுதான். உங்களுக்குக் கம்பெனி இருக்குது. நடராசனுக்கு வேலை இருக்குது. திவ்யாக்கண்ணுக்கு இஸ்கோலு இருக்குது. நான் ஊரு போய்ச் சேந்தா எங்கண்ணன் ஊட்டுப் பக்கத்துல ஒரு ஊட்டப் புடிச்சுட்டு நாலு ஒறம்பரை சொந்தபந்தத்து மொகத்தப் பாத்துட்டு இருந்துக்குவேன்."

அன்றைக்கே முடிவு செய்தேன். இவளுக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்றே தெரியாது. கண்ணால் பார்த்தால் மனசு மாறும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருஷக் கடைசி லீவில் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் மலிந்தி வரை போவது, வழி நெடுக என் பம்புகளைக் காட்டுவது, புது வருஷத்தை அங்கே ஒரு ஓட்டலில் கொண்டாடுவது என்று ஏற்பாடு. கடைசி அஸ்திரம் ஒன்றும் இருந்தது. கிலிஃபிக்கு வடக்கே ஒரு மீனவர் ஊரில் பள்ளிக்கூடத்துக்காக நம் கம்பெனி போட்டிருந்த புதுக் கிணற்றை ஊராரிடம் ஒப்படைக்கும் விழா. மாலை, கைதட்டல் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்தபிறகு எந்த மனுஷி ஊருக்குப் போகிறேன் என்பாள்?

3

வெள்ளை ஸ்டேஷன் வேகன். ஓட்டுவது மகன் நடராசன், பக்கத்தில் நான். பின்னால் மயிலாத்தாளும், ஏழு வயசுப் பேத்தி திவ்யாவும். அதற்கும் பின்னால், அந்தப் புதுக் கிணற்றுக்காகப் பெரியநாயக்கன்பாளையத்தில் செய்த மோட்டார் ஒன்று, சாக்கு சுற்றி, நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற பக்குவத்தில்.

திவ்யா பேசும் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பாதி சுவாஹிலி, கால் இங்கிலீஷ். என் பேச்சு வேகம் எடுத்தால் "போலே போலே அப்பாரு" என்பாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். வீட்டில் என்னை அடக்குகிற துணிச்சல் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

மொம்பாசா பாலம் தாண்டினால் வலது பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக இருக்கும். தென்னை, மா, முந்திரி. அதற்கப்புறம் கத்தாழைத் தோட்டம், கயிறு திரிக்கிற கத்தாழை, சீப்பு வைத்துச் சீவின மாதிரி வரிசை வரிசையாக மைல் கணக்கில். அங்கேதான் என் முதல் காட்சி.

"புள்ள, அந்தா தெரியுது பாரு தண்ணித் தொட்டி. அதுக்கு மோட்டார் வெச்சவன் ஆரு?"

"நீங்கதானுங்க."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"வேற ஆரையாச்சும் சொல்றதுக்கா இம்புட்டு சத்தம் போடுவீங்க?"

இறங்கிப் போனோம். காவல்காரன் உள்ளே விடவில்லை. மோட்டாரை மாற்றி நாலு வருஷம் ஆயிற்று, பழசு எங்கே போயிற்று என்று தெரியாது என்றான்.

அடுத்தது ஒரு பெரிய ஓட்டல். அங்கே இருந்த பழைய கிணற்றில் என் பம்பு. போய்ப் பார்த்தால் ஓட்டலையே வேறு ஆள் வாங்கி இடித்துக் கட்டியிருக்கிறான். கிணறு இருந்த இடத்தில் நீச்சல் குளம். வெள்ளைக்காரர்கள் குப்புறப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தக் கொளத்துக்கு அடியிலதான் நம்ம பம்பு இருக்குது" என்றேன்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றாள்.

நடராசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தான். மூன்றாவது ஒரு பள்ளிவாசல். அங்கே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் மாட்டின அதே பம்பு, பெயிண்ட் போயிருந்தாலும் சத்தம் மாறவில்லை. நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், யார் இந்தக் கிழவன், எதற்குப் பம்பைத் தடவுகிறான் என்று பார்த்தார்கள்.

"இவுங்களுக்கு உங்களத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

"பம்பத் தெரியுமல்லோ."

"அதுஞ் சரிதானுங்க" என்று விட்டுவிட்டாள். அவள் விட்டுக்கொடுத்தால்தான் எனக்குப் பயம்.

கிலிஃபியில் முன்பெல்லாம் காரைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். பாதி நாள் அங்கேயே போய்விடும். இப்போது உயரமான பாலம் வந்துவிட்டது. மேலே போகும்போது கீழே தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் கிடந்தது. மயிலாத்தாள் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தாள். "இத நீங்க கட்டலீங்களா?" என்றாள்.

4

அந்தப் புதுக் கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உள்நாட்டில் நான் போட்ட கிணறுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் கடலோரத்தில் எனக்கு எப்போதும் பம்பு மாட்டுகிற வேலைதான். இந்தக் கிணறு நடராசன் பிடித்த வேலை. நான் கம்பெனியை அவன் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டேன் என்றால், போன் மணி அடித்தால் நான்தான் எடுப்பேன்.

அவன் நைரோபி போயிருந்த அன்று போன் வந்தது. பேசினது கட்டானா. மிஷின் வண்டிக்கு போர்மேன், என்னிடம் தொழில் படித்தவன். அறுபதடியில் நல்ல தண்ணீர் வந்திருக்கிறது, நிதானமாகத்தான் ஊறுகிறது, சின்னவர் இதோடு நிறுத்தச் சொன்னார், நிறுத்தவா என்றான்.

நம் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார். என் தகப்பனார் காலத்தில் அறுபதடியில் கிணறு. நான் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் போன காலத்தில் நூறு. பிறகு கிணற்றுக்கு உள்ளேயே பக்கவாட்டில் துளை போடுகிற சைடு போர், அதற்குப் பிறகு முந்நூறு, ஐந்நூறு. கோயமுத்தூர் மண்ணில் தண்ணீர் கீழே போகப் போக நாமும் பின்னாலேயே போக வேண்டும். நின்றவன் கெட்டான். அதோடு இன்னொரு பாடமும் உண்டு. மேலே வருகிற தண்ணீர் சப்பை, கரும்பாறையை உடைத்து அதற்கு அடியில் வருகிற தண்ணீர்தான் தேன்.

"பாறை வந்துச்சா?" என்று கேட்டேன்.

"பாறைதான் ம்ஸே" என்றான். ம்ஸே என்றால் பெரியவரே.

"அப்படின்னா நூத்தி நாப்பது போ. அறுபதடியில நிறுத்தறதுக்கா நான் மிஷின் கட்டினேன்?"

நடராசன் திரும்பி வந்து கேட்டதும் தலையில் கை வைத்தான். "அப்பா, கடலோரமுங்கப்பா."

"கடலு ஒரு மைல் தள்ளி இருக்குது. தண்ணி பீச்சி அடிச்சிருக்குதாம். போன் பண்ணிக் கேட்டுப் பாரு."

கேட்டான். உண்மையாகவே பீச்சி அடித்திருந்தது. சேறு கலங்கித் தெளியாத தண்ணீர், அதனால் யாரும் குடித்துப் பார்க்கவில்லை. விழா நாளும் குறித்தாயிற்று, போய்ச் சோதித்துப் பார்க்க நடராசனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

5

ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஜுமாதான் தலைமை. வெள்ளை அங்கி, பூ வேலை செய்த தொப்பி, அடங்கின குரல். எனக்கு மல்லிகைப்பூ மாலை போட்டார். ஜெனரேட்டரில் மோட்டாரை ஓட்டினோம். தண்ணீர் வந்து விழுந்த வேகத்தைப் பார்த்துப் பெண்கள் குலவை விட்டார்கள். நம் ஊர்க் குலவைக்குக் கொஞ்சமும் குறையாது.

என் தகப்பனார் கூட்டத்தில் ஒரு வழக்கம். புதுக் கிணற்றின் முதல் தண்ணீரில் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. முதல் வாய் இனிப்பாக இருந்தால் கிணறு வற்றாது என்பார்கள். நான் தேசம் மாறினாலும் அதை விட்டதில்லை. கோபியிலிருந்து சம்பந்தி வீட்டார் அனுப்பின சர்க்கரை, ஏலக்காய் தட்டிப் போட்டது. பெரிய அண்டாவில் கரைத்து நானே டம்ளரில் மொண்டு கொடுத்தேன். முதல் டம்ளர் ஜுமா வாத்தியாருக்கு. குடித்தார். "நல்ல தண்ணீர்" என்றார். நான் ஒரு டம்ளர் குடித்தேன். நடராசன் ஒன்று. திவ்யா இரண்டு.

"சிறுவாணி தோத்துது" என்று அறிவித்தேன். சிறுவாணி என்றால் என்ன என்று தெரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள்.

மயிலாத்தாளிடம் டம்ளரை நீட்டினேன்.

"எனக்குச் சக்கரை இருக்கறது மறந்து போச்சுங்களா? திவ்யாக்கண்ணு, கொழாயில வெறுந் தண்ணி ஒரு டம்ளர் புடிச்சுட்டு வாம்மா."

குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க."

போனேன்.

"இதுல ரசம் வெச்சா உப்பே போட வேண்டாமுங்க."

நான் அண்டாவைத் தள்ளிவிட்டுக் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். சர்க்கரையும் ஏலக்காயும் இல்லாத தண்ணீர். அது தண்ணீர் இல்லை, கடலுக்குப் பங்காளி. நடராசன் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜுமா வாத்தியாரைத் தனியே கூப்பிட்டு, "நீங்களும் குடித்தீர்களே, தெரியவில்லையா?" என்று கேட்டேன்.

"தெரிந்தது ம்ஸே. உங்கள் நாட்டுச் சர்க்கரைக்கு அப்படித்தான் ருசி போலிருக்கிறது என்று நினைத்தோம். மாலை போட்ட கையோடு எப்படிச் சொல்வது?"

மரியாதைக்கு நம் கொங்கு நாட்டை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறார்கள்.

பிறகு நடராசன் விளக்கினான். இங்கே பாறை என்பது நம் கரும்பாறை இல்லை, பவளப் பாறை. சல்லடை மாதிரி ஓட்டை. அடியில் கடல் தண்ணீர் நிற்கும், அதற்கு மேலே மழைத் தண்ணீர் மெல்லிசாக மிதக்கும். ரசத்தின் மேல் நெய் மிதக்கிற மாதிரி. அறுபதடியில் இருந்தது நெய். நான் கரண்டியை அடி ரசம் வரைக்கும் விட்டுவிட்டேன்.

6

லீவு நாள், மொம்பாசா ஆபீஸ் பூட்டியிருக்கிறது, ஜனவரியில் வந்து பார்க்கலாம் என்பது நடராசன் எண்ணம். கூட்டம் கலையவில்லை. பெண்கள் காலிக் குடங்களை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். பழைய கிணறு தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், வெகு தூரம்.

மயிலாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காரில் இருந்த தன் துணிப்பையை இறக்கினாள்.

"மலிந்தி எங்கீங்க போயிறப் போகுது. இவுங்களுக்கு நல்ல தண்ணி காட்டிப்போட்டுப் போலாம்."

"எப்படியம்மா?" என்றான் நடராசன்.

"குழியை அடைச்சுக்கிட்டே மேல வந்தா முடியாதா கண்ணு? நம்ம ஊட்டுல எலி வளைய அடைக்கறதில்லையா?"

முடியும் என்றான் மகன். அடியில் ஜல்லி, அதன் மேல் சிமெண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு எவ்வளவு என்று பார்க்கிற மீட்டர் ஆபீசில் இருக்கிறது, அதுதான் இடைஞ்சல்.

"மீட்டர் எதுக்கு? உங்கம்மா நாக்கு இருக்குது" என்றேன். வருஷக்கணக்காக உப்பில்லாத சோறு தின்ற நாக்கு. ஒரு கல் உப்பு அண்டாவுக்குள் விழுந்தாலே கண்டுபிடித்துவிடும். இந்த யோசனை என்னுடையது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

வேலை ஆரம்பித்தது. நான் போட்ட குழியை நானே மூடுகிற வேலை. தொழிலுக்கு வந்து அது வரை செய்யாதது. ஆனால் குழியைப் போட்டவனுக்குத்தான் அதன் குணம் தெரியும், ஜல்லி எங்கே நிற்கும், எங்கே நழுவும் என்று. கட்டானாவும் நானும் வெயிலில் நின்று இறக்கினோம். சிமெண்டு இறுகுகிற வரை காத்திருக்க வேண்டும். ஜுமா வாத்தியார் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை ஒழித்துக் கொடுத்தார். மயிலாத்தாள் அவர் சம்சாரத்தின் சமையற்கட்டில் புகுந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அவர்கள் அதில் தேங்காய்ப் பாலை ஊற்றினார்கள். இவள் தடுக்கவில்லை. திவ்யா அங்கிருந்த குழந்தைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். எந்தப் பாஷையில் பேசினாளோ, யாருக்கும் கஷ்டமாக இல்லை.

ஒரு சாயங்காலம் நானும் மயிலாத்தாளும் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் வேலை இல்லாமல் இரண்டு பேரும் ஒரு இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ரோட்டு நெடுக எல்லாம் காட்டினனே, உனக்கு ஒண்ணுமே தோணலியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நம்முளுது புள்ள."

"உங்களுதுங்க" என்றாள். "தப்பாச் சொல்லலீங்க. நீங்க பாடுபட்டீங்க, பேரு வந்துது. நான் போல்ட்டு நட்டுத் தரம் பிரிச்சு ஸ்டோர்ல வெச்சேன். தப்பான சைசு ஒண்ணு போயிருக்குமா? ஆனா அந்தப் பம்பெல்லாம் எங்க போய் நின்னுது, ஆரு தண்ணி குடிச்சாங்கன்னு இந்த வாரந்தான பாக்கறேன்."

"கூட்டிட்டுப் போகலைன்னு சொல்றியா?"

"கூப்புடலைன்னு சொல்றேனுங்க."

நல்ல வேளையாகக் கட்டானா வந்து கூப்பிட்டான், சிமெண்டு இறுகிவிட்டது என்று.

கீழிருந்து தொண்ணூறடி ஆழம் வரைக்கும் அடைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்தோம். ஊரே சுற்றி நின்று அவள் முகத்தைப் பார்த்தது. குடித்தாள். "கொறஞ்சிருக்குது, போகலை" என்றாள். இன்னும் அடைத்தோம். மறுபடி இறுகுகிற வரை காத்திருந்தோம். புது வருஷம் பிறந்த அன்று காலையில் அறுபதடிக்கு வந்து நின்று, மெதுவாக எடுத்த முதல் டம்ளரை நீட்டினேன். ஒரு வாய். இன்னொரு வாய். டம்ளரைக் கவிழ்த்து முழுசாகக் குடித்தாள்.

"இதுல காப்பி வெக்கலாமுங்க."

அதை நான் சுவாஹிலியில் சொன்னதும் எழுந்த குலவை கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

மோட்டார் மட்டும் கூடாது என்றான் நடராசன். வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். கையால் அடிக்கிற பம்புதான் சரி. பெரியநாயக்கன்பாளையத்து மோட்டாரை மறுபடி சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினேன். அந்தச் சங்கடத்தை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. கட்டானா கிலிஃபி போய்க் கொண்டு வந்த கைப் பம்பை நானே மாட்டினேன், என் வாழ்நாளில் மாட்டின பம்புகளிலேயே நேராக நிற்பது அதுதான்.

7

கிளம்புகிற நேரத்தில் ஜுமா வாத்தியார் நீலப் பெயிண்டும் பிரஷ்ஷும் கொண்டு வந்தார். பம்பின் சிமெண்டு மேடையில் அழகான கையெழுத்தில் எழுதினார். 'மாமா மயிலா கிணறு'. இங்கே மாமா என்றால் அம்மா. திவ்யா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அப்பத்தாவைக் கட்டிக்கொண்டாள்.

நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். வாத்தியார் பெயிண்ட் டப்பாவை மூடப் போனார்.

"வாத்தியாரே, கீழே இடம் இருக்கிறதே" என்றேன்.

"இருக்கிறது ம்ஸே. உங்கள் பெயரையும் எழுதிவிடலாம். உப்பு யாருடையது என்றும் கேட்பார்கள், அதையும் எழுதவா?"

என் மகன் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டப்பா மூடியாயிற்று.

மலிந்திக்குப் போக லீவு இல்லை. மொம்பாசா பக்கம் திரும்பினோம். மயிலாத்தாள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க."

"சொல்லு."

"டிக்கெட்டு எடுக்கறப்ப போகவும் வரவும் சேத்தி எடுத்துப் போடுங்க. பொறந்த கொழந்தைக்குத் தண்ணி ஊத்திப் பேரு வெச்சுப்போட்டு மாசியில வந்தர்றேன்."

நடராசன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் என்ன காட்டும் என்று எனக்கே தெரியாது.

"ஏன், ஊருலயே இருந்துக்கறேன்னு சொன்னியே?"

"என்ர பேர எழுதி வெச்சிருக்கறாங்கல்லோ. நாளைக்கு அது உப்பாச்சுன்னா என்ர பேரல்ல கெடும்? மாசம் ஒருக்காப் போய்க் குடிச்சுப் பாக்கோணும். நீங்க கூட்டிட்டுப் போகலீன்னா கட்டானா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கறான்."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

ஆகவே ஊரில் உள்ள பெரியோர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபத்தொரு வயசு முடிகிறது. எடுத்த காரியத்தில் பெரும்பாலானது முடித்தாயிற்று. நிறைவான வாழ்க்கைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்டு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று பாக்கி. பொங்கலுக்கு மயிலாத்தாள் வருவாள். சென்னிமலையிலும் கோபியிலும் இந்தக் கதையைச் சொல்லுவாள். நன்றாகச் சொல்லுவாள், ரோட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டாள். அவள் சொல்கிற கதையில் நான் உப்புத் தண்ணீர் வரவைத்த ஆளாக மட்டும்தான் வருகிறேன். கேட்கிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மகன் பேச்சைக் கேட்டு அறுபதடியிலேயே நான் நிறுத்தச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல தண்ணீர் வந்திருக்கும், எல்லோரும் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கை தட்டியிருப்பார்கள், நாங்கள் மலிந்தி போய்ச் சேர்ந்திருப்போம், இவள் ஒருவழி டிக்கெட்டில் விமானம் ஏறியிருப்பாள். அறுபதடிக்குக் கீழே நான் போனதால்தான் இவள் திரும்பி வருகிறாள். கிணற்றில் அவள் பெயர் இருக்கட்டும், அது அவளுக்குத் தகும். ஆனால் அந்த மிச்ச எண்பதடி முழுக்க என்னுடையது. அதை யாராவது ஒருவர், நாலு பேர் இருக்கிற இடத்தில், அவள் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை எடுத்துச் சொல்ல வேண்டும்.